மீசையும் கண்ணும்

பழைய படத்தைப் புதிய காலத்திற்கேற்ப மீண்டும் எடுப்போர் ஆடையை மாற்றுவர், பேச்சை மாற்றுவர், பாட்டை மாற்றுவர். எதை மாற்றலாகாது என்று ஆராய்வோர் சிலரே. இதற்குத் 'தில்லு முல்லு' தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1979ஆம் ஆண்டில் ரிஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த 'கோல் மால்', 1981இல் கே. பாலசந்தரின் இயக்கத்தில் தமிழுக்கு வந்தது. சண்டையும் சினமுமாகவே அறியப்பட்டிருந்த ரஜினிகாந்த், அதில் முழு நீள நகைச்சுவை வேடம் ஏற்றார். முதலாளியாகத் தேங்காய் சீனிவாசனும், பொய்த் தாயாகச் சௌகார் ஜானகியும் நடித்தனர். வேலை தேடும் இளைஞன் முதலாளியின் விருப்பு வெறுப்புகளை அறிந்து, அதற்கேற்ப நடித்து வேலை பெறுகிறான். விளையாட்டரங்கில் முதலாளியின் கண்ணில் பட்டதும், அங்கிருந்தவன் மீசையில்லாத தன் இரட்டைப் பிறவி என்று பொய் கூறுகிறான். அதற்காகச் சொந்த மீசையை மழித்து, அலுவலகத்திற்கு ஒட்டுமீசையோடு செல்கிறான்.

இங்குச் சிரிப்பு பிறப்பது மயிரிலிருந்து அன்று. மீசையை வைத்தே ஒழுக்கத்தை அளக்கும் பெரியவரின் பிடிவாதத்திலிருந்து. நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கு என்பது தொல்காப்பியம். அவற்றுள் ஒன்று மடமை. கொண்ட கருத்தை விடாதிருத்தல் என அதற்குப் பொருள் கூறுவர். அம்மடமைக்கு முன் நேர்மையான இளைஞனும் பொய்யனாகிறான். அவன் பொய்யை நாம் மன்னிப்பது அதன் பின்னால் வயிற்றுப்பாடு இருப்பதாலேயாம். இந்திப் படத்தின் இறுதியில் முதலாளியே மீசையின்றித் தோன்றுகிறார். அவர் அவமதிக்கப்படவில்லை, திருந்துகிறார். குடும்பத்தோடு காணத்தக்க நகைச்சுவை என்பது இதுவே.

2013இல் பத்ரியின் இயக்கத்தில், சிவாவும் பிரகாஷ்ராஜும் நடிக்க இக்கதை மீண்டும் படமாயிற்று. எம். எஸ். விசுவநாதனும் யுவன் சங்கர் ராஜாவும் சேர்ந்து இசையமைத்தது, பழமைக்கும் புதுமைக்கும் பாலமிட்ட நற்செயல். ஆயின் மீசைக்கு ஈடாகப் பூனைக்கண் வைக்கப்பட்டது. மீசை மனிதன் விரும்பி வைப்பது, விரும்பி எடுப்பது. ஆகவே அதில் குணத்தைக் காண ஒருவர் முற்படலாம். அம்முயற்சி நகைப்புக்கும் இடமாகலாம். கண்ணின் நிறமோ பிறப்பில் வருவது. அது இருவரைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக உதவுகிறதேயன்றி, எவருடைய மடமையையும் வெளிப்படுத்தவில்லை. சிரிப்பு உண்டு, அதன் வேர் இல்லை.

இன்று மீசையைப் பார்த்து வேலை கொடுப்பார் இல்லை என்பது உண்மையே. எனினும் ஆங்கில உச்சரிப்பை வைத்து அறிவை அளப்பாரும், இணையத்தில் கண்ட ஒரு படத்தை வைத்து நடத்தையை முடிவு செய்வாரும் இல்லையா? அவர்கள் முன் வேலைக்காக நடிக்கும் இளைஞரும் உண்டு. அங்கே இக்காலத்தின் மீசை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுப்பதே புதுப்பித்தல், ஏனையவை ஒட்டுமீசையே.