பாத்திரப் படைப்பு விதிகளில் பொருள்மயக்கம்: தமிழாக்க நோக்கு

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்குக் காயும் கட்டமும் இன்றியமையாதன அல்ல. விதிநூல், பகடை, ஆடுவோர் பேச்சு ஆகிய மூன்றே அங்கு ஆட்டமாகின்றன. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் 1974இல் மூன்று சிறு நூல்களாக வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு வழிகோலியது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு கதைமாந்தர் படைக்கப்பட வேண்டும். மூன்று பகடைகளை உருட்டி வலிமை, அறிவு முதலான ஆறு இயல்புகளுக்கு எண் பெறுதலும், ‘ரேஸ்’, ‘கிளாஸ்’ என்னும் இரண்டையும் தேர்தலும் அப்படைப்பின் படிகள். (பகடை உருட்டும் பணியை அந்நூல் நடுவருக்கே தருகிறது, ஆடுவோர் அதனைத் தம் கையில் எடுத்துக்கொண்டது பின்னை வழக்கு.) விதிகள் நூற்பாவைப் போலச் சுருங்கியவை, ஆனால் உரையின்றி வெளிவந்தவை.

அவற்றுள் நெடிய வழக்காட்டுக்கு இடமளித்தது எல்ஃப் என்னும் தொன்ம மாந்தரைப் பற்றிய விதி. எல்ஃப் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ தொடங்கலாம். ஒரு வீரப்பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விரும்பியவாறு மாறலாம். ஓர் ஆட்டத்தின் நடுவில் மாறுதல் கூடாது. இவ்வளவில் விதி தெளிவாகவே தோன்றும். எனினும் அடுத்த தொடர், எல்ஃப் இரு பிரிவின் நலன்களையும் பெறுவதாகக் கூறுகிறது. மாறி மாறிப் பெறுவதா, ஒருங்கே பெறுவதா? முற்பகுதியில் வீரப்பயணம் என்றும் பிற்பகுதியில் ஆட்டம் என்றும் வந்த இரு சொற்களும் ஒரே கால அளவைச் சுட்டுவனவா? நூல் விடை கூறவில்லை. 1978இல் வெளிவந்த விரிவான ஆட்டக்காரர் நூல், ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகளை ஒருங்கே உடையோர் ஈட்டும் அனுபவப் புள்ளிகளைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என வரையறுத்தது. அதனைப் பழைய விதியின் உரையாகக் கொள்வதா, புதிய விதியாகக் கொள்வதா என்பதும் தீராத வினாவே.

இதனைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது உம்மையை. ‘போர்வீரனாகவும் மந்திரவாதியாகவும் செயற்படலாம்’ என்று எழுதினால், எண்ணும்மை இரண்டையும் ஒருங்கே தருவதாகக் கொள்ளப்படும். ‘ஆகவோ… ஆகவோ’ என்று எழுதினால் ஒன்றை ஏற்கையில் மற்றொன்று விலகும். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்துள்ளது; மொழிபெயர்ப்பாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்த மாத்திரத்தில் உரையாசிரியராகிவிடுகிறார். மூலத்தின் இரு தொடர்களுள் முன்னதை ஓகாரத்தாலும் பின்னதை உம்மையாலும் பெயர்த்து, அவற்றிடையே உள்ள முரணை அவ்வாறே விட்டுவிடுதலே நேர்மை. ‘ஆட்டம்’ என்னும் சொல்லுக்குத் தமிழிலும் ஓர் அமர்வு, முழு விளையாட்டு என்னும் இரு பொருளும் உண்மையின் அங்கு மயக்கம் தானே காக்கப்படும். தெளிவு கருதி ‘ஒரு நாள் ஆட்டம்’ எனத் திருத்துவது உதவி போலத் தோன்றும். உண்மையில் அது நடுவரின் உரிமையைப் பறிப்பதாகும்.

‘ரேஸ்’, ‘கிளாஸ்’ என்னும் கலைச்சொற்களில் சிக்கல் வேறு வகையினது. அகராதி வழிச் செல்வோர் இனம், வகுப்பு என எளிதில் எழுதிவிடுவர். வகுப்பு என்பது தமிழில் பள்ளியறை மட்டுமன்று. 1921இல் நீதிக்கட்சி அரசு பிறப்பித்த வகுப்புவாரி ஆணையில் அச்சொல் பிறப்பால் அமைந்த சமூகத்தையே குறித்தது. மும்பைத் தமிழருக்கு இது ஏட்டு வழக்காக நின்றுவிடுவதில்லை. 1992-93இல் தாராவியையும் தாக்கிய கலவரங்களைச் சுட்டத் தமிழில் வழங்கும் சொற்களுள் ‘வகுப்புக் கலவரம்’ என்பதும் ஒன்று. கதைமாந்தர் கற்றுத் தேர்ந்த வித்தையைக் குறிக்கவந்த சொல்லை, பிறப்பைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்தால் விதி தலைகீழாகும்.

‘தொழில்’ என்றால் என்ன என்று கேட்கலாம். பிறப்பும் ஒழுகலாறும் வேறு வேறு என்னும் உணர்வு தமிழ் மரபில் உண்டு. மெய்ப்பாட்டியலில் தலைமக்களுக்குரிய பத்துப் பொருத்தங்களுள் பிறப்பும் குடிமையும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன; குடியிற் பிறத்தல் ஒன்று, அதற்குத் தக ஒழுகுதல் மற்றொன்று என உரை வகுக்கப்பட்டது. கதைமாந்தரைப் படைப்பதற்கான தமிழ் விதி என்றே அதனைக் கருதலாம். ஆயினும் ‘தக’ என்னும் அச்சிறு சொல் இரண்டையும் மீண்டும் பிணைத்துவிடுகிறது. 1981இல் டாம் மோல்ட்வே திருத்தி வெளியிட்ட தொடக்கநிலைத் தொகுப்பு செய்ததும் அதுவே: அதில் எல்ஃபுக்குத் தனியே ‘கிளாஸ்’ இல்லை, எல்ஃப் என்பதே அதன் ‘கிளாஸ்’. ஆங்கிலத்தில் இது விந்தையாக ஒலிக்கும். ‘எல்ஃபின் பிறப்பே அதன் தொழில்’ என்று தமிழில் எழுதினாலோ விந்தை மறைந்து குலத்தொழிலாகிவிடும். 1953இல் கொணரப்பட்டு 1954இல் கைவிடப்பட்ட, எதிர்ப்பாளர் குலக்கல்வி எனப் பெயரிட்ட திட்டத்தை நினைவிற் கொண்ட சமூகத்துக்கு அத்தொடர் புரியாத விதியாக இராது. மிக நன்றாகப் புரிந்துவிடும். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தோல் பதனிட்டதும், கும்பார்வாடாவில் குசராத்திக் குயவர் சக்கரம் சுழற்றியதும் தாராவியில் அண்மை வரலாறு. மூலத்தின் மயக்கத்தை மொழிபெயர்ப்பு நமக்குப் பழகிய தெளிவாக மாற்றிவிடுதல் பிழைகளுள் நுண்ணியது. ‘துறை’ என்னும் சொல் இவ்வகையில் ஏற்புடையது. பிறப்பை அது சுட்டாமையின் ‘எல்ஃப் என்பதே துறை’ என்னும் தொடர் மூலத்தைப் போலவே இடறும்.

2024இல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டில் ‘ரேஸ்’ நீக்கப்பட்டு ‘ஸ்பீஷீஸ்’ இடம்பெற்றது. மனித இனப்பாகுபாட்டின் சாயல் வேண்டா என்பது மாற்றத்தின் நோக்கம். தமிழகப் பள்ளி உயிரியல் நூல்களில் அதற்குரிய சொல் சிற்றினம். இனத்துக்கு முன் ஓர் அடை சேர்ந்ததன்றி மாற்றம் ஒன்றும் புலப்படாது. மும்பையில் நிலை இன்னும் சிக்கலானது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆங்கிலவழிப் பயின்றோர் மூலத்தையே படித்துச் செல்லலாம். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழோ இந்தியோ பயின்ற தாராவிப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தை விளக்குவோர், தமிழ்ச் சொல் கைகொடாதபோது இந்திச் சொல்லை நாடுதல் இயல்பு. இந்தி உயிரியல் பாடநூல் ‘ஸ்பீஷீசை’க் குறிக்க வழங்கும் சொல் ஜாதி.