சனத்நகரிலிருந்து பீதர் வரை: ஜியோகேஷிங் வழித்தடத் தேடல் காசு பெறுமா?

யாரோ ஒளித்துவைத்த சிறு டப்பாவை, அதாவது ‘கேஷை’, ஜிபிஎஸ் துணையோடு தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவதுதான் ஜியோகேஷிங். பொதுமக்களின் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் 2-ஆம் தேதி நிறுத்தியது. அடுத்த நாளே டேவ் அல்மர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அது இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவை இணையத்தில் வெளியிட்டார். இப்போது உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல் கேஷ்கள் உள்ளன. இந்த விளையாட்டை நடத்தும் ஜியோகேஷிங் டாட் காம், சந்தா கட்டுபவர்களுக்கு ஒரு வசதி தருகிறது. போகும் பாதையையும், அதன் இருபுறமும் எத்தனை கிலோமீட்டர் வரை தேட வேண்டும் என்பதையும் சொன்னால், அந்தப் பட்டைக்குள் இருக்கும் கேஷ்களை, அதிகபட்சம் 1,000 வரை, ஒரே கோப்பாகக் கொடுத்துவிடும். ஹைதராபாத் சனத்நகரிலிருந்து கார் எடுத்து வார இறுதியில் பீதர் போகிற ஒருவருக்கு அந்தச் சந்தா தேவையா என்றால், தேவையில்லை என்பேன். ஆனால் விளையாட்டு அவருக்குத் தேவை.

இந்த வசதி எந்த ஊருக்காக உருவானது என்று பார்த்தால் காரணம் புரியும். இரண்டு கேஷ்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற தளத்தின் விதி தேவைப்படும் அளவுக்கு நெரிசலான நாடுகள் உண்டு. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒரு நெடுஞ்சாலையைக் கொடுத்தால் பட்டியல் ஆயிரத்தைத் தொட்டுவிடும். அங்கே கடினம் இவ்வளவு, ஏற்ற இறக்கம் இவ்வளவு, இந்த வகை மட்டும் என்று வடிகட்டிக் குறைப்பதுதான் பயணியின் வேலை. கடினத்துக்கும் நிலப்பரப்புக்கும் ஒன்று முதல் ஐந்து வரை அரை அரைப் புள்ளியாக மதிப்பெண் இருப்பது அதற்கு உதவும். நம் தேசிய நெடுஞ்சாலை 65-இல் வடிகட்ட என்ன இருக்கிறது? எர்ரகட்டாவில் ஏறி, படான்செரு, சங்காரெட்டி, சதாசிவபேட்டை, ஜஹீராபாத் வழியாகச் சுமார் 130 கி.மீ. போகும் பாதையில், கிடைக்கும் புள்ளிகளைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். சல்லடை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சலிக்க மாவு வேண்டும்.

எண்ணிக்கை குறைவு என்பதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தத் தேடல் சாலையை ஒரு கோடாகப் பார்க்கிறது. கோட்டிலிருந்து நேர்த்தூரம் எவ்வளவு என்று மட்டும் அளக்கிறது. பெங்களூரு போவதற்காகக் கச்சிபௌலியில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி ஷம்ஷாபாதில் இறங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். 158 கி.மீ. நீளமுள்ள இந்த எட்டு வழிச் சாலையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, ஓரம் கட்டி நிற்கவும் கூடாது. டூவீலருக்கு அனுமதியே இல்லை. வேலிக்கு அப்பால் சர்வீஸ் ரோட்டில் 200 மீட்டரில் இருக்கும் ஒரு கேஷைச் செயலி ‘வழியிலேயே இருக்கிறது’ என்று காட்டும். அதை எட்ட அடுத்த இறக்கம் வரை ஓட்டி, டோல் கடந்து, சர்வீஸ் ரோட்டில் திரும்பி வர வேண்டும். நெடுஞ்சாலை 65-இலும் இதே கதைதான்: மீடியனுக்கு எதிர்ப்பக்கம் உள்ள புள்ளி வரைபடத்தில் முப்பது மீட்டர், வண்டிக்கு அடுத்த யூ-டர்ன் வரை போய் வரும் தூரம். இந்த இடத்தில்தான் நம் ஊரில் ஆட்கள் எதிர்த்திசையில் வண்டி ஓட்டத் துணிகிறார்கள். அந்த ஆசையைத் தூண்டும் எந்தப் பட்டியலும் ஆபத்தானது. பயணிக்கு வேண்டியது தூரக் கணக்கு அல்ல. இந்தக் கேஷுக்காக எத்தனை நிமிடம் கூடும் என்ற கணக்கு. சாதாரண வழிகாட்டிச் செயலிகள் பெட்ரோல் பங்கைத் தேடினாலே அதைச் சொல்கின்றன. காசு வாங்கும் இந்தத் தேடல் சொல்வதில்லை.

சந்தாவுக்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது, ஜஹீராபாதைத் தாண்டி சிக்னல் நம்பகமில்லை, எனவே பட்டியலை முன்கூட்டியே போனில் இறக்கிவைக்கச் சந்தா வேண்டும் என்பது. ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற திறந்தமூலச் செயலி இதை இலவசமாகவே செய்கிறது. பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றினால் வரைபடத்தில் கோடு விழும். கோட்டைப் பார்த்துக்கொண்டே வேண்டிய கேஷ்களைச் சேமித்துக்கொள்ளலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் இறக்கிவைக்கலாம். சி:ஜியோ அந்த இணையதளத்தின் பக்கங்களைப் படித்தே இயங்குகிறது. தளம் மாறினால் சில நாள் தடுமாறும். அதனால் புறப்படும் காலையில் இறக்காமல் முந்தின இரவே இறக்கிவிடுவது நல்லது. இரண்டாவது வாதம் வலுவானது: இலவசக் கணக்கில் அதிகாரபூர்வச் செயலி எளிய கேஷ்களை மட்டுமே முழுதாகத் திறக்கிறது, சந்தாதாரர்களுக்கென்றே ஒதுக்கியவை பூட்டியே இருக்கின்றன. உண்மைதான். ஆனால் கேஷ்கள் அடர்ந்த ஊரில் வாழ்பவருக்குத்தான் அந்தப் பூட்டு உறுத்தும். இங்கே முக்கியம் வேறு: கேஷின் பக்கத்தில் கடைசிப் பதிவுகளைப் படிப்பது. கடைசியாகக் கிடைத்தது பல ஆண்டு முன்பு, அதன் பிறகு வந்தவர்கள் எல்லாம் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால், அது டப்பா இல்லாத வெறும் புள்ளி. வைத்தவரே பராமரிக்க வேண்டும் என்பது விதி. வேலைக்காக வந்து ஊர் மாறிப் போனவர்கள் வைத்த கேஷ்களுக்கு அது எளிதாக நடப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜியோகேஷிங் தளம் ஆயத்தொலைவை டிகிரி, தசம நிமிடம் என்று எழுதும். கூகுள் மேப்ஸ் பொதுவாகத் தசம டிகிரியில் காட்டும். சனத்நகர் வடக்கு 17 டிகிரி 27.4 நிமிடத்தில் இருக்கிறது. தசம டிகிரியில் அது 17.457. அவசரத்தில் 17.274 என்று தட்டினால் 20 கி.மீ. தெற்கே போய் நிற்பீர்கள். சரியாகத் தட்டினாலும், திறந்த வானத்தின் கீழ் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளித்தான் காட்டும். கடைசி ஐந்து மீட்டரைக் கண்ணும் பொறுமையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஐந்து மீட்டரில்தான் ஹைதராபாதின் உண்மையான சிக்கல் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் கடையிலும், 2013 பிப்ரவரியில் தில்சுக்நகரிலும் குண்டு வெடித்த நகரம் இது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே, போலீஸுக்குச் சொல் என்று பழக்கப்படுத்தப்பட்ட மக்கள் நடுவே, ஒருவர் பாலத்தூணின் இடுக்கில் கைவிட்டு டப்பா தேடுவதை யார் எப்படிப் பார்ப்பார்கள்? 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு கேஷைப் பார்த்து பயந்துபோய் வெடிகுண்டு நிபுணர்களையே அழைத்தார்கள். சனத்நகரைச் சுற்றி ரயில் பாதை, தொழிற்பேட்டை, பக்கத்துப் பாலாநகரில் ஹெச்ஏஎல் வளாகம், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம். பூமியை வானிலிருந்து படம் பிடித்து, 2009 முதல் புவன் தளத்தில் எல்லோருக்கும் காட்டும் மையம் அது. அதன் மதிலோரம் தரையில் ஒரு டப்பாவை ஒளிப்பது தவறு. டப்பா வேட்டை நம் நகர எல்லைக்குள் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

டப்பா இல்லாத வகைகள் இருப்பதால் விளையாட்டு பிழைக்கிறது. பீதர் சாலை அவற்றுக்காகவே போட்டது போல் இருக்கிறது. அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து 2004-இல் தொடங்கிய எர்த்கேஷில் எதையும் ஒளிப்பதில்லை. ஓர் இடத்துக்குப் போய், பாறையைப் பார்த்து, அங்கே நின்றால் மட்டுமே சொல்லக்கூடிய பதிலை அனுப்ப வேண்டும். சனத்நகரில் கிளம்பும்போது உங்கள் காலடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட். நகரம் முழுக்க ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போல் நிற்கும் உருண்டைப் பாறைகள், வெயிலும் நீரும் விரிசல்களைத் தின்றதால் மிஞ்சியவை. ஜஹீராபாத் பக்கம் நிலம் கறுத்து, தக்காணத்தின் எரிமலைக் குழம்பு உறைந்த பாசால்ட் வருகிறது. அதன் வயது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டு. பீதரில் ஏறும்போது மண் செக்கச் சிவந்துவிடும். பாசால்ட் மழையில் கரைந்து இரும்பும் அலுமினியமும் மிஞ்சித் தங்கிய செம்பூரான் பாறை அது. பாமினி சுல்தான்களின் கோட்டை அந்தச் செம்பூரான் மேட்டில்தான் நிற்கிறது; அகழியையும் அதைக் குடைந்துதான் வெட்டினார்கள். ஊருக்கு நீர் கொண்டுவந்த கரேஸ் சுரங்கமும் அதே பாறைக்குள் ஓடுகிறது. மூன்று பாறை, மூன்று நிறுத்தம், மூன்று கேள்வி. அரைநாள் பயணத்தில் இவ்வளவு காலத்தைக் கடக்கும் சாலைகள் நாட்டில் அதிகமில்லை.

டப்பா கிடைக்கும் அந்த நொடியின் துள்ளல் பாறையைப் பார்ப்பதில் வருமா, குழந்தைகள் சலித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் எர்த்கேஷை எழுதுபவரின் கையில் இருக்கிறது. ‘இந்தப் பாறை என்ன வகை’ என்று கேட்டால் யாரும் சலிப்பார்கள். அகழிச் சுவரைத் தொட்டு, உள்ளங்கையில் ஒட்டும் நிறத்தைச் சொல், துளைகள் விரல் நுழையும் அளவா என்று பார் எனக் கேட்டால், பத்து வயதுப் பிள்ளை முதலில் ஓடும். நிலவியல் அல்லாத இடங்களுக்கு அட்வென்சர் லேப் என்ற தனிச் செயலி உண்டு. அதற்கும் டப்பா வேண்டாம். 1942-இல் தொடங்கி ஃபிரிட்ஜும் கைக்கடிகாரமும் செய்த ஹைதராபாத் ஆல்வின் ஆலையைச் சனத்நகரிலேயே முதல் நிறுத்தமாக வைக்கலாம். கடைசி நிறுத்தத்துக்குத் தாமர்கிடா இருக்கிறது. சென்னைப் பரங்கிமலை அருகே 1802-இல் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1815-இல் இன்னொரு அடிக்கோட்டை அளந்தது பீதரை ஒட்டிய இந்தப் பகுதியில்தான். ஆயத்தொலைவைத் தேடி விளையாடும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

எனவே தீர்ப்பு இது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கார் பயணம் திட்டமிடுபவர் அந்த மாதத்துக்குச் சந்தா கட்டட்டும். வழித்தடத் தேடல் அங்கே நேரத்தை மிச்சப்படுத்தும். சனத்நகரிலிருந்து புறப்படுபவருக்கு சி:ஜியோவும் இலவசக் கணக்கும் போதும். மிச்சமாகும் நேரத்தில் இந்தச் சாலைக்கு நாமே எர்த்கேஷ்களை எழுதிச் சேர்க்கலாம். நிறுவனத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: பட்டையின் அகலத்தைக் கேட்கும் அதே திரையில், கூடுதல் நிமிடங்களையும், கேஷ் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். அது வரும் நாளில் இந்த மதிப்பீட்டை மாற்றி எழுதத் தயங்க மாட்டேன்.