ஆர்ஸ்பெக்: சொல்வதும் சோதிப்பதும்

ரூபி மொழியில் வேலை செய்யும் பலருக்கு, தானியங்கிச் சோதனை என்றதும் நினைவுக்கு வருவது ஆர்ஸ்பெக். 2005இல் ஸ்டீவன் பேக்கர் தொடங்கியது. பின்னர் டேவிட் செலிம்ஸ்கி பல ஆண்டுகள் முன்னின்று வளர்த்தார். டான் நார்த் முன்வைத்த பி.டி.டி. (நடத்தைவழி மேம்பாடு) சிந்தனைதான் இதன் அடித்தளம். ஒரு கிளாஸில் என்னென்ன மெத்தட்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சோதிப்பதைவிட, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் சொல்லி, பிறகு அதைச் சோதிக்க வேண்டும் என்பது அந்தச் சிந்தனையின் சாரம். இந்தச் சொல்லும் கடமைதான் ஆர்ஸ்பெக்கின் பெரும் பலம். அதன் பலவீனமும் அங்கேயே தொடங்குகிறது.

பலத்தை முதலில் பார்ப்போம். ஒரு நூலக மென்பொருளில் தாமத அபராதத்தைக் கணக்கிடும் கிளாஸ் இருக்கிறது. பழைய பாணியில் ‘டெஸ்ட்_ஃபைன்’ என்று ஒரு மெத்தட் எழுதி, அதற்குள் ஆறேழு ஒப்பீடுகளை அடுக்கிவிடலாம். எந்த விதியைச் சோதிக்கிறோம் என்று வாய்திறக்கவே வேண்டாம். ஆர்ஸ்பெக்கில் ஒரு சோதனையைக் குறிக்கும் ஒவ்வொரு ‘இட்’டுக்கும் ஒரு வாக்கியம் எழுதுவது வழக்கம்: ‘கெடு தாண்டி 3 நாள்வரை அபராதம் இல்லை.’ எழுத உட்காரும்போதே கேள்விகள் முளைக்கும். கெடு விடுமுறை நாளில் விழுந்தால்? மாணவ உறுப்பினருக்கும் இதே விதியா? ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு ‘கான்டெக்ஸ்ட்’ திறக்கும்போது, விடுபட்ட சூழல்கள் கண்ணில் படும். டாக்குமென்டேஷன் வடிவில் ஓட்டினால் இந்த வாக்கியங்கள் படிப்படியாக உள்தள்ளி அச்சாகின்றன. புதிதாகக் குழுவில் சேர்ந்தவர் நிரலைத் திறக்குமுன்பே விதிகளைப் படித்துக்கொள்ளலாம். சோதனை தோற்றால், எந்த விதி உடைந்தது என்பதைத் தோல்விச் செய்தியே சொல்லிவிடும்.

ஆனால் கணினி சரிபார்ப்பது வாக்கியத்துக்குக் கீழே உள்ள நிரலை மட்டுமே. நூலகம் சலுகையை 1 நாளாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை தோற்கிறது. அவசரத்தில் ஒருவர் உள்ளே இருக்கும் 3ஐ 1 ஆக்குகிறார், சோதனை பச்சையாகிறது. மேலே உள்ள வாக்கியம் மட்டும் ‘3 நாள்வரை’ என்றே நிற்கிறது. பச்சை நிறமே அதற்குச் சான்றிதழ் தருவதால், காலாவதியான ஒரு கமென்ட்டைவிட இது ஆபத்தானது. கமென்ட்டைச் சந்தேகத்தோடு படிக்கப் பழகியவர்கள்கூட, தேறிய சோதனையின் வாக்கியத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை ‘லெட்’. சோதனைக்கு வேண்டிய தரவுகளுக்கு ஒருமுறை பெயரிட்டுவிட்டு எங்கும் பயன்படுத்தலாம் என்பது வசதிதான். ஆனால் கோப்பின் உச்சியில் ‘உறுப்பினர்’ ஒருவர், இரண்டு அடுக்கு உள்ளே அதே பெயரில் மாணவர், அதற்கும் உள்ளே கணக்கு முடக்கப்பட்டவர் என்று மாற்றிக்கொண்டே போனால், இருநூறாவது வரியில் தோற்ற சோதனையைப் புரிந்துகொள்ள மேலும் கீழும் ஓட வேண்டியிருக்கிறது. போதாததற்கு, ‘லெட்’ சோம்பேறித்தனமாக இயங்குவது. யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் அதன் நிரல் ஓடும். ‘திருப்பித் தந்த நூல் நிலுவைப் பட்டியலில் வராது’ என்று ஒரு சோதனை எழுதுகிறோம். திருப்பித் தந்த நூலின் பதிவை ‘லெட்’டில் வைத்துவிட்டு, சோதனைக்குள் அந்தப் பெயரைத் தொடாமல், பட்டியல் காலியா என்று மட்டும் கேட்கிறோம். பதிவு உருவாகவே இல்லை, பட்டியல் காலி, சோதனை பச்சை. பட்டியலைத் தயாரிக்கும் நிரல் முற்றிலும் தவறாக இருந்தாலும் இதே பச்சைதான். ஆச்சரியக்குறியிட்ட ‘லெட்’ உடனே ஓடும் என்பதால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அதை நினைவில் வைத்திருப்பது எழுதுபவரின் பொறுப்பு.

ஆர்ஸ்பெக் தன் குறைகளைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் ‘ஷுட்’ என்ற மெத்தடை எல்லா ஆப்ஜெக்ட்களிலும் ஒட்டிவைத்தது. அழைப்புகளை வேறொன்றுக்குக் கடத்திவிடும் பிராக்சி ஆப்ஜெக்ட்களில் அது குழப்பத்தை உண்டாக்கியது. 2012இல் வந்த ‘எக்ஸ்பெக்ட்’ அதைத் தீர்த்தது. அசல் கிளாஸில் பெயர் மாறிய மெத்தடைப் போலி ஆப்ஜெக்ட் பழைய பெயரிலேயே நடித்துக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. 2014இல் வெளியான 3ஆம் பதிப்பின் ‘இன்ஸ்டன்ஸ் டபுள்’, அசல் கிளாஸோடு ஒப்பிட்டு அதைப் பிடித்துவிடுகிறது.

ரூபியின் வலைச் சட்டகமான ரெயில்ஸ் இயல்பாகத் தரும் சோதனைக் கருவியான மினிடெஸ்டை விரும்புபவர்களின் வாதம் எளிது: சோதனையும் சாதாரண ரூபி கிளாஸாக இருந்தால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அந்த எளிமையின் அருமையை ஒப்புக்கொண்டாலும், விதியை வாக்கியமாக எழுதும் ஒழுக்கத்தை இழக்க நான் தயாரில்லை. தரவை ‘இட்’டுக்குள்ளேயே எழுதுவோம், பொதுவானதைச் சாதாரண மெத்தடாக்கி அங்கிருந்து அழைப்போம், ஒரு கோப்பில் ஓரடுக்குக்கு மேல் ‘கான்டெக்ஸ்ட்’ போகுமுன் இருமுறை யோசிப்போம். இரண்டு மூன்று வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் வரட்டும். சோதனையில் அது குற்றமல்ல. முக்கியமாக, கோட் ரிவ்யூவில் சோதனையின் எண் மாறியிருந்தால் அதன் வாக்கியத்தையும் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தருவோம். வாக்கியமும் நிரலும் ஒத்துப்போகின்றனவா என்பதைச் சோதிக்கும் கருவி ஆர்ஸ்பெக்கில் இல்லை. அந்தச் சோதனையை ஓட்ட வேண்டியவர்கள் நாம்தான்.