மழலைக் கதையும் பல்லியமும்

குழந்தை கூறும் கதையிலே காரணகாரியம் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அங்கே 'பிறகு' என்னும் ஒரு சொல்லே நிகழ்ச்சிகளைக் கோக்கும் நூலாக அமைகின்றது. அத்தகைய கதையைப் பல்லியத்துக்குப் பொருளாகக் கொண்ட இசைப்புலவன் அந்நூலை அறாது காத்தானா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஆங்கில இசைப்புலவர் எட்வேட் எல்கர் (1857–1934) சிறு பிராயத்தில் உடன்பிறந்தாரோடு கூடி நாடகமொன்று புனைந்தார். மேடையின் குறுக்கே ஓர் ஓடை. இப்பால் அன்றாட வாழ்வு, அப்பால் தேவதைகளின் நாடு. முதியோரைப் பாலங் கடத்தி அப்பால் இட்டுச் செல்வதே கதை. அதற்கென அந்நாளிற் குறித்துவைத்த இசைத்துணுக்குகளை ஐம்பது வயதளவில் எடுத்துப் பல்லியத்துக்கு விரித்தமைத்தார். 'இளமையின் மந்திரக்கோல்' எனத்தக்க அத்தொகுதிகள் இரண்டும் 1907இலும் 1908இலும் அரங்கேறின. வண்ணத்திப்பூச்சியும் பழக்கிய கரடியும் அவற்றில் அழகாகவே உலவுகின்றன. ஆயினும் அங்கு ஒலிப்பது சிறுவனின் குரலன்று. சிறுவனை நினைந்து ஏங்கும் முதியவரின் குரல். ஓடையின் இப்பால் நின்றே எல்கர் அப்பாலை நோக்குகின்றார்.

உருசிய நாட்டுப் புரோகோபியேவ் 1936இல் மொஸ்கோவில் அரங்கேற்றிய 'பீற்றரும் ஓநாயும்' இதற்கு மாறானது. கதையை எழுதியவரும் அவரே, குழந்தையல்லர். எனினும் நெறி குழந்தையினது. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, ஓநாய்க்கு மூன்று கொம்புகள் என ஒவ்வோர் உயிரும் தன் குரலோடே வருகின்றது. ஓநாய் உயிரோடு விழுங்கிய வாத்து, கதை முடிவில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து கத்துகின்றது. அதெப்படி என்று அவர் விளக்கப் புகவில்லை. அங்கேதான் அவர் வெல்கின்றார்.

தீவகத்திலும் இத்தகைய பல்லியத்துக்குரிய கதையொன்று உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பூக் கௌவி நாகமொன்று கடலில் நீந்தி வந்ததாம். கருடன் அதனைக் கொல்ல முனைய, நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. கருடன் மற்றொரு பாறையில் அமர்ந்தது. அவ்வழிக் கலமேறி வந்த வணிகன் வேண்டக் கருடன் விலகியது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என அப்பாறைகள் இன்றும் காட்டப்படுகின்றன.

இசையமைப்போர் இதனைக் கண்டதும் நாகத்துக்குப் புன்னாகவராளியும் போருக்குத் தவிலும் வகுத்துவிடுவர்; திரைப்படம் பழக்கிய வழி அது. ஆனாற் கதையிலே போரே இல்லை. இரு கற்களில் இரண்டு உயிர்கள் காத்திருத்தலே உண்டு. குழந்தை வினவுவதும் அதனையே: எவ்வளவு நேரம் இருந்தன? பூ வாடவில்லையா? இரவில் என்ன செய்தன?

1990இன் பின் பெயர்ந்த தீவகத்தார் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அங்கே பிறந்த பிள்ளை அக்கடலைக் காணாமலே இக்கதையைச் சொல்லவேண்டியிருக்கின்றது. பாறையிலிருந்த பாம்புக்குக் குளிர்ந்தது என்று அது சொன்னால், தலவரலாறு காட்டி அதனைத் திருத்துவது இசைப்புலவனின் தொழிலன்று. தாழ்ந்த சுருதியொன்றின்மேல் ஒற்றைக் குழலை நெடுநேரம் நிறுத்தி, வணிகனின் கலம் வருமளவும் ஏனைய கருவிகளை வாளாவிருக்கச் செய்யும் துணிவே அவனுக்கு வேண்டும்.