‘யார் நீ?’: கொல்லிப்பாவை மரபின் ஒளியில் ஒரு மறுவாக்கத் திரைப்படம்

ஆய்வுச் சுருக்கம்

‘வோ கௌன் தீ?’ (1964) என்னும் இந்தித் திரைப்படத்தின் தமிழ் மறுவாக்கம் ‘யார் நீ?’ (1966). இப்படத்தின் தலைப்பிலும் பாடலிலும் நிகழும் இடமாற்றத்தைச் சங்க அகப்பாடல்கள் காட்டும் கொல்லிப்பாவையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பெண்ணை அச்சத்தின் வடிவாகக் காண்போர் அவளைப் பேசவிடுகின்றனரா என்பதே ஆய்வு வினா.

திறவுச்சொற்கள்: கொல்லிப்பாவை, மறுவாக்கம், முன்னிலை, தோழி கூற்று, திரைப்பாடல்.

முன்னுரை

ராஜ் கோஸ்லா இயக்கத்தில் சாதனா, மனோஜ் குமார் நடித்த ‘வோ கௌன் தீ?’ இந்தியின் காதல் மர்மப் படங்களுள் புகழ்பெற்றது. மழை இரவில் மருத்துவன் ஒருவன் வெண்ணிற ஆடையில் நிற்கும் பெண்ணைக் காரில் ஏற்றிச் செல்கிறான். அவள் இடுகாட்டருகே இறங்கி மறைகிறாள். பின்னர்த் தாய் தேர்ந்த மணமகளின் முகத்திரையை விலக்கினால் அதே முகம். சத்யம் இயக்கிய தமிழ் வடிவத்தில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தனர். மதன்மோகனின் மெட்டுகளை இசையமைப்பாளர் வேதா தமிழுக்குக் கொணர்ந்தார். மெட்டைப் பெயர்த்ததாலேயே இப்படத்தை வெறும் நகல் என்று ஒதுக்கும் போக்கு உண்டு. மொழி மாறியபோது வினாவும் மாறியது என்பதை அப்போக்கு காணத் தவறுகிறது.

அச்சம் உறையும் இடம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனாக வழிபடப்படும் கொல்லிப்பாவை, சிரிப்பால் ஈர்த்து உயிரைக் கவர்பவள் என்பது வழக்காறு. சங்கப் பாடல்கள் காட்டும் பாவையோ வேறு. பரணரின் நற்றிணை 201ஆம் பாடலில், காற்று மோதினாலும் மழை கடுகினாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் தன் எழில் கெடாத பாவையைப் போலத் தலைவி தன் நெஞ்சைவிட்டு நீங்காள் என்கிறான் தலைவன். அவள் எளிதில் பெறற்கரியவள், சொல்லுக்கு மறுமொழி தாராதவள் என்று பாங்கன் முன்னர்க் கூறியதையும் அவனே எடுத்துரைக்கிறான். கபிலரின் குறுந்தொகை 100ஆம் பாடலிலும் வல்வில் ஓரியின் கொல்லிப் பாவை தலைவிக்கு உவமை. இவ்விரு பாடல்களிலும் பாவை எவரையும் கொல்வதில்லை.

பரணரின் குறுந்தொகை 89ஆம் பாடல் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அச்சப் பொருள் தரும் ‘பேஎம்’ என்னும் சொல் இப்பாடலில் மலைக்கு அடையாகிறது, பாவைக்கு அன்று. பாவை போன்ற இளம்பெண் உலக்கை ஓச்சிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அதற்கு ஊரார் அலர் தூற்றுகின்றனர். அவ்வலரை மறுத்து அவளுக்காகப் பேசுபவள் தோழி. மலைக்குரிய அச்சம் பிற்கால வழக்காற்றில் பெண்ணுருவின்மேல் ஏற்றப்பட்டது என்று கருத இப்பாடல் இடந்தருகிறது.

தலைப்பின் இடமாற்றம்

இந்தித் தலைப்பு படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் அமைந்தது. கண்டு மறைந்த ஒருத்தியைப் பற்றி ஆண்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. அதே ஆண்டில் ஜெயலலிதா நடித்து வெளிவந்த தெலுங்கு வடிவம் ‘ஆமெ எவரு?’ அப்படர்க்கையைப் பேணுகிறது. தமிழ் மட்டுமே முன்னிலைக்கு மாறுகிறது. படர்க்கை வினாவுக்கு விடைகூறப் பெண் அங்கிருக்க வேண்டியதில்லை. முன்னிலை வினா அவளை எதிரே நிறுத்தி, விடை கூறும் உரிமையையும் அவளுக்குத் தருகிறது. மேலும் ‘யார்’ உயர்திணைக்குரிய வினாச்சொல். எதிரில் நிற்பது பேய் என்று கதைத்தலைவன் அஞ்சும் வேளையிலும் தலைப்பு அவளை மனிதப் பெண்ணாகவே விளிக்கிறது.

பாடலில் தன்மை

இம்முன்னிலை வினாவுக்கு விடை போல அமைகிறது ஆவிப்பாடல். இந்திப் பாடலின் தொடக்கம் கண்ணையும் மழையையும் முன்வைக்கிறது. அதே மெட்டுக்குக் கண்ணதாசன் எழுதிய தமிழ்ப் பாடலோ தன்மை ஒருமைப் பெயரில், ஏகாரம் பெற்றுத் தொடங்குகிறது. அவ்வேகாரத்தில் பிரிநிலையும் தேற்றமும் ஒருங்கே ஒலிக்கின்றன. ‘நீ’ என்ற வினாவுக்கு ‘நான்’ என்ற குரல் எழுகிறது. மெட்டின் அளவுக்குள் சொல்லை அமைக்க வேண்டிய கட்டாயத்தினூடே நிகழ்ந்த இம்மாற்றத்தை மொழிபெயர்ப்பு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது.

ஆயினும் அக்குரலை நம்ப இயலாதவாறு கதை அமைந்துள்ளது. அச்சுறுத்தும் அப்பாடலும் மணவாழ்க்கையினிடையே ஒலிக்கும் மென்பாடலும் ஒரே பாடகியின் குரலில் அமைந்தவை. இந்தியில் லதா மங்கேஷ்கர், தமிழில் பி. சுசீலா. ஒரு முகத்துக்கு ஒரு குரல் என்னும் பின்னணிப் பாடல் மரபே இங்குச் சூழ்ச்சிக்குத் துணையாகிறது. முகத்தாலும் குரலாலும் இருவரைப் பிரித்தறிய இயலாத நிலையில், பார்வையாளரும் கதைத்தலைவனின் ஐயத்தில் பங்கேற்கின்றனர்.

தோழி இல்லாத தலைவி

சொத்துக்காகக் கதைத்தலைவனைப் பித்தனாக்கும் சூழ்ச்சியே பேயுருவை உண்டாக்கியது என்பதும், அதற்கு மனைவியின் இரட்டைச் சகோதரி கருவியாக்கப்பட்டாள் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. மனைவி குற்றமற்றவள். அதுவரை அவள் சொல் எதுவும் கணவனிடம் எடுபடவில்லை. அவன் தன் கண்ணை நம்புகிறான்; எதிரே நிற்பவளை நம்புவதில்லை. மூலக்கதையில் அவள் தூய்மையை நிறுவுபவை சூழ்ச்சி செய்தவனின் வாக்குமூலமும் காவல் அதிகாரியின் விளக்கமுமே. குறுந்தொகைத் தலைவிக்கு ஊரலரை மறுக்கத் தோழி இருந்தாள். அத்தகைய கூற்று இக்கதையில் இல்லை. அகமரபில் தோழி ஏற்ற பணியை மர்மக்கதை துப்பறிதலிடம் ஒப்படைக்கிறது. துப்பறிதல் குற்றத்தை விளக்கவல்லது. ஐயுறப்பட்டவளின் துயரை எடுத்துரைப்பது தோழி கூற்று. இவ்வேறுபாட்டைக் கடக்க இயலாமையே படத்தின் குறை. தலைப்பு முன்னிலையில் வினவினாலும், விடை படர்க்கையிலேயே கிடைக்கிறது.

சங்கப் பாவைக்கும் திரைப்படத்துக்கும் நேரடித் தாக்கத் தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பெண்ணுரு, காண்போர் அச்சம், அவள் பாட்டு ஆகிய மூன்றும் இணையும் முறையே ஒப்பீட்டுக்கு அடிப்படை.

முடிவுரை

1. குறுந்தொகை 89இல் அச்சம் கொல்லிமலைக்கு அடையாகிறது. அதைப் பாவைக்கு உரியதாக்கியது பிற்கால வழக்காறு.

2. ‘யார் நீ?’ படர்க்கை வினாவை முன்னிலையாக்கியும், பாடலைத் தன்மையில் தொடங்கியும் மூலத்தினின்று பொருள்நிலையில் வேறுபடுகிறது.

3. ஐயுறப்பட்ட பெண்ணுக்கான கூற்று இன்மையால் அவ்வேறுபாடு கதைமுடிவில் நிறைவு பெறவில்லை.

மறுவாக்கப் படங்களை மெட்டின் ஒப்புமையால் மட்டும் மதிப்பிடாமல், தலைப்பு, பாடல் ஆகியவற்றின் இலக்கண இடங்களையும் கருத்தில் கொண்டால் தமிழ்த் திரை ஆய்வு மேலும் துல்லியம் பெறும்.