அறிவித்தலும் வினாவும்: கொஸ்லந்தையிலிருந்து நோக்கும் தகவற் கொள்கை

இலங்கையின் தகவல் தொழினுட்பக் கொள்கையை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் அதன் சாதனைகளின் நிரலிலிருந்தே தொடங்குவர். அந்நிரல் சிறியதன்று. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பச் சட்டம் இத்துறைக்கெனத் தனி முகவர் நிலையமொன்றைத் தோற்றுவித்தது. அதனைத் தொடர்ந்து உலக வங்கியின் கடனுதவியுடன் 'இ-சிறிலங்கா' திட்டம் வந்தது. அத்திட்டத்தின் கீழ்க் கிராமங்கள் தோறும் 'நெனசல' எனும் பெயரில் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. 2010இல் '.இலங்கை' என இணைய முகவரியைத் தமிழெழுத்திலேயே முடிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 2014 ஆகஸ்டிலே நெனசலத் திட்டம் பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் விருதினைப் பெற்றது. தகவலை ஏழைமக்கள் அணுகச் செய்தமைக்கான விருது அது. இவற்றைச் சாதனைகளல்ல என மறுப்பது நேர்மையாகாது.

ஆயின், விருது அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கள் கழிந்ததும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்கள் மண்ணுள் மறைந்தன. பெரியோர் சிலர் வேலைக்கும் பிள்ளைகள் சிலர் பள்ளிக்கும் புறப்பட்டுவிட்ட வேளை அது. அதனாற் பிழைத்தோர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தோரும் இல்லை. இறந்தோர் எத்தனை பேர் என்பதை அரசு உடனடியாகச் சொல்ல முடியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் எனப்பட்டது. முடிவிலே அத்தொகை நாற்பதுக்குள் அடங்கிற்று. அயலிலிருந்த பதிவேடுகளும் மண்ணோடு போயினவென்று காரணம் கூறப்பட்டது. ஒரு நாட்டின் தகவல் ஆட்சியைப் பற்றி ஆராய்வோர் இச்செய்தியிலே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். தன் குடிகள் எத்தனை பேர் ஒரு மலைச்சரிவில் வாழ்ந்தனர் என்பதையே அறியாத நிருவாகம், அக்குடிகளுக்கு எதனை எவ்வழியால் அறிவித்திருக்க முடியும்?

அறிவே இல்லாதிருந்ததென்றும் சொல்லுதற்கில்லை. அதுவே இங்கு உறுத்துவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்க முற்பட்டபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டே: ஒன்று நுவரெலியா, மற்றது பதுளை. மீரியபெத்தை அபாயப் பகுதியென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததென அனர்த்தத்தின் பின்னர் அதிகாரிகள் எடுத்துக்காட்டினர். எச்சரிக்கையைக் கேட்டோமாயினும் போவதற்கு மாற்றுக்காணி தரப்படவில்லை என்பது குடியிருப்பாளர் பலரின் கூற்று. இவ்விரு கூற்றுக்களும் ஒன்றையொன்று மறுப்பனவாகவே அன்று விவாதிக்கப்பட்டன. கூர்ந்து நோக்குமிடத்து இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடியன. எச்சரிக்கை சென்றது, ஆனால் 'எங்கே போவது?' என்ற வினா திரும்பி வருதற்கு வழியொன்று இருக்கவில்லை. வந்திருந்தாலும் அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் எவரெனத் தெளிவில்லை. காணி அரசுக்குரியது, 1992இல் தனியார்மயமாக்கலோடு தோட்ட முகாமை கம்பனிகளின் கைக்குச் சென்றது. தோட்டத்துக்குள் பிரதேச சபை தாராளமாகப் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே தடையாக நின்றது. அத்தடை 2018இலேதான் திருத்தத்தின் மூலம் தளர்த்தப்பட்டது. ஆக, எச்சரிக்கை விடுப்பது ஒருவர், நிலத்துக்குரியவர் மற்றொருவர், முகாமை செய்பவர் இன்னொருவர் என்றாயிற்று. இடையிலே லயத்துக் குடும்பம்.

இக்குறையின் வேர் கொள்கையின் மையச் சொல்லிலேயே உள்ளது. 'அணுகல்' என்பதே அச்சொல். தகவல் ஓரிடத்தில் இருக்கின்றது. குடிமகன் சென்று அதனை எடுத்துக்கொள்ள வேண்டியது. அரசின் பணி பாதையமைப்பதோடு முடிகின்றது என்னும் கருத்தே அச்சொல்லின் உள்ளே கிடக்கின்றது. எனவேதான் நிலையங்களின் தொகையும் கோபுரங்களின் தொகையும் வெற்றியின் அளவுகோல்களாகின்றன. சென்ற செய்தி உரியவரைச் சேர்ந்ததா, சேர்ந்தவர் திருப்பிக் கேட்டது என்ன என்பவற்றை அளக்கும் கோல் எதுவும் அங்கில்லை. புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கணிக்கின்றது. ஒவ்வொரு முறையும் பெருந்தோட்டமே கடையில் நிற்கின்றது. கொள்கை வகுப்போர் இதனைப் பயிற்சிக் குறைபாடாகவே கண்டுள்ளனர். பயிற்சி பெற்றவர் எவரிடம் எதைக் கேட்கலாம் என்பது ஆராயப்படவில்லை.

தோட்டத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. தகவல் மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் செல்லுமாறு திட்டமிட்டுக் கட்டப்பட்ட அமைப்பே பெருந்தோட்டம். துரையின் சொல் கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என இறங்கிப் பிரட்டுக்களத்தை அடையும். பிரட்டுக்களத்திலிருந்து மேலேறும் சொல்லுக்குப் படிகள் வைக்கப்படவில்லை. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகலாமா என்பதையே கங்காணியின் கடன் தீர்ந்ததைக் காட்டும் 'துண்டு' தீர்மானித்த காலமும் இருந்தது. அம்முறை 1921இல் ஒழிந்தது. எனினும் லயத்துக் காம்பறாவுக்கெனத் தனிமுகவரி இல்லாத நிலை அதனோடு ஒழியவில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும்; அங்கிருந்து எப்பொழுது, எவர் கையால் லயத்தை அடையும் என்பது அலுவலகத்தின் வசதியைப் பொறுத்தது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகப் பரீட்சை அழைப்பும் நாள் கடந்து கிடைத்த கதைகளை மலையகத்து மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தபாற் பையிலே தொடங்கிய இத்தடையைக் கண்ணாடியிழைக் கம்பி தானாகவே நீக்கிவிடும் என நம்புதற்கு ஆதாரமில்லை.

எதிர்வழியிற் சென்ற முயற்சிகளும் இருந்தன. 1920களிலும் 30களிலும் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் செய்த பணியை இந்நோக்கிலே மீளவும் படித்தல் தகும். தோட்டம் தனியார் நிலம், அத்துமீறி நுழைதல் குற்றம் என்றிருந்த நாளில், நடேசய்யர் பத்திரிகையையும் துண்டுப் பிரசுரத்தையும் உள்ளே அனுப்பினார். மீனாட்சியம்மாள் பாடலாக்கிப் பாடினார். எழுத்தறியாத தொழிலாளிக்குச் சட்டம் பாட்டாக வந்தது. அவ்வாறு வந்த சட்டத்தை அவன் சங்கத்திலே வினாவாக்கினான். அவர்களிடம் இருந்த தொழினுட்பம் அற்பமே. செய்தி கேட்டவனின் மறுமொழிக்கு இடமிருந்தமையே அதன் பலம்.

இணைய காலத்திலும் இத்தகைய முயற்சியொன்று உண்டு. யுனெஸ்கோவின் ஆதரவுடன் 1990களின் இறுதியிலே கொத்மலைச் சமுதாய வானொலி இணையத்தோடு இணைக்கப்பட்டது. நேயர்கள் வினா அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, நேயரின் மொழியில் விளக்கி ஒலிபரப்புவார். கணினி இல்லாதவனும் ஆங்கிலம் அறியாதவனும் இணையத்தின் பயனைப் பெற்றான் என உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதன் ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தமையால் சூழவிருந்த தோட்டங்கள் அதன் முழுப்பயனைப் பெறவில்லை. குறை அம்முறையினதன்று, மொழித் தெரிவினது. ஆனாற் பின்வந்த தேசியத் திட்டம் அம்முறையைக் கைவிட்டு, நிலையத்தையும் இயந்திரத்தையுமே பெருக்கிற்று. கொள்கை வரலாற்றில் இது ஒரு பின்னடைவாகவே கணிக்கத்தக்கது.

அதன் விளைவுகள் பின்னர் தெளிவாயின. கொவிட் தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2021இல், பதுளை மாவட்டத்து லுணுகலைப் பக்கத்து மாணவர் அலைத்தொடர்பு தேடி மலைக்காட்டில் மரத்தின்மேல் அமைந்த குடிலுக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. மாணவரின் விடாமுயற்சியைப் புகழ்ந்தோர் பலர். அம்முயற்சியைத் தேவையாக்கியவர் யாரெனக் கேட்டோர் சிலரே. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது மலைகள் சரிந்து பதுளை மாவட்டமும் பேருயிரிழப்பைக் கண்டது. எச்சரிக்கைகள் தமிழிலே பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற கண்டனம் அப்பொழுதும் எழுந்தது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டுள்ளன. இத்தனைக்கும் பின்னர் எச்சரிக்கையின் தமிழ் வடிவம் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்போது செய்யப்படும் உபகாரமாகவே நின்றுவிட்டது.

வினாவுக்கு இடந்தரும் சட்டம் நாட்டிலே இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழினுட்பக் கொள்கையைப் பற்றிய விவாதங்களில் இச்சட்டம் அரிதாகவே குறிப்பிடப்படுகின்றது. உண்மையிலே அக்கொள்கையின் விடுபட்ட பாதி இதுவே. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். வேண்டுகோள் குடிமகனின் உயிரையும் தனிப்பட்ட சுதந்திரத்தையும் பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் மறுமொழி தரவேண்டும். 'இந்த லயம் அபாய வரைபடத்தில் எந்த நிறத்தில் உள்ளது? மாற்றுக்காணி எவரது பொறுப்பு? அது எந்தக் கட்டத்தில் நிற்கின்றது?' என ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதப்படும் வேண்டுகோள் உயிரைப் பற்றியதல்லவென்று கூற எந்த அலுவலராலும் இயலாது.

இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறவும் வேண்டுமென்பது மண்சரிவு எச்சரிக்கையின் விதி. நாற்பத்தெட்டு மணித்தியாலத்து மறுமொழியும் அந்த மழைக்குப் பிந்தியதே. ஆகவே அவ்வேண்டுகோள் எழுதப்பட வேண்டிய காலம் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரான வெயில் மாதங்கள்; எழுதுவதற்குத் தாளும் தபாலுறையும் போதும், விடை வந்து சேர்தற்கே முகவரி தேவைப்படும்.