கரைதிறனும் கருத்துநிலையும்: பல்வேர்க்கால்வாய் அடைபசை ஆய்வுரைகள் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான ஆய்வுரைகளும் எழுத்துக்களே. அவற்றுக்கும் உருவமும் உள்ளடக்கமும் உண்டு. அவற்றின் மொழியும் சமூகத் தளத்தில் நின்றே இயங்குகின்றது. இலக்கிய மாணவன் அவற்றைத் தொடலாகாது என்பது அறிவைத் துண்டாடும் மனோபாவத்தின் விளைவாகும். பல்வேர்க்கால்வாயை நிரப்புமிடத்து கட்டாபேர்ச்சாவுக்கும் கால்வாய்ச் சுவருக்கும் இடைப்பட்ட வெளியை மூடுவன அடைபசைகள். அவற்றின் கரைதிறனை ஒப்பிடும் ஆய்வுரைகளை இந்நோக்கில் வாசித்தல் பயனுடைத்து.

இவ்வுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. ஐ.எஸ்.ஓ. 6876 என்னும் சர்வதேச நியமத்தைத் தழுவி, இறுகிய பசை வில்லைகளைக் காய்ச்சி வடித்த நீரில் 24 மணி நேரம் அமிழ்த்தி, கரைந்த திணிவைக் கணிப்பர். அது 3 வீதத்தை விஞ்சலாகாது. எப்பொட்சிப் பிசின் பசைகள் பொதுவாக இவ்வெல்லைக்குள் எளிதில் அடங்குகின்றன. கல்சியம் சிலிக்கேற்றுப் பசைகளோ சில ஆய்வுகளில் அடங்கியும், வேறு சிலவற்றில் எல்லையைப் பெரிதும் விஞ்சியும் காணப்படுகின்றன.

ஒரே வகைப் பொருள் பற்றி இத்துணை முரண்பட்ட முடிவுகள் தோன்றுவதேன்? வில்லையை எவ்வளவு நேரம் இறுகவிட்டனர், எவ்வாறு உலர்த்தினர் என்பன எண்ணை மாற்றுகின்றன. அதனினும் அடிப்படையானது ஒன்றுண்டு. கல்சியம் சிலிக்கேற்று ஈரத்தோடு தாக்கமுற்றே இறுகுவது. அப்போது உருவாகும் கல்சியம் ஐதரொட்சைட்டு வெளிவருவதே அதன் சிறப்பாகக் கூறப்படுகின்றது. பொசுபேற்று உள்ள உடற்பாய்மத்தில் அக்கல்சியம் அபற்றைற்றாகப் படியவுங்கூடும். ஆகவே, வடிநீரில் குறையாகப் பதிவாவதன் ஒரு பகுதி உடலில் தொழிற்பாடாக அமையலாம்.

இதுகொண்டு கரைதலெல்லாம் நன்றென வாதிடுவதும் பிழை. பசை கரைந்து இடைவெளி உண்டாயின் பற்றீரியா புகும், சிகிச்சை தோற்கும். 'உயிர்ச்செயற்பாடு' என்ற கவர்ச்சிகரமான சொல் இவ்விழப்பை மறைக்கும் திரையாகிவிடலாம். சந்தை அத்தகைய சொற்களை விரும்பும்.

மனித உறவுகள் பண்டங்களின் இயற்கைக் குணங்களாகத் தோற்றமளிக்கும் மயக்கத்தை 1867 இல் வெளிவந்த 'மூலதன'த்தில் மார்க்ஸ் விளக்கினார். கரைதிறன் சமூக உறவன்று. எனினும் அது பற்றிய எழுத்தில் இதனையொத்த மயக்கம் நேர்கின்றது. பசை, திரவம், காலம், பரிசோதனை முறை ஆகியவற்றுக்கு இடையிலான உறவொன்று, பசையின் தனிக்குணமாக, ஒற்றை எண்ணாக அட்டவணையில் உறைந்துவிடுகின்றது. படைப்பைச் சூழலினின்று பிரித்து மதிப்பிடும் நமது உருவவாத விமர்சகர்களும் இதே தவறினையே புரிகின்றனர்.

நியமத்தை நிராகரிப்பது எமது கருத்தன்று. பொது அளவுகோல் இன்றி ஒப்பீடே இயலாது. எண்ணோடு அது பிறந்த நிபந்தனைகளையும் எழுதுக என்பதே எமது வேண்டுகோள்: இறுகிய நேரம், உலர்த்திய முறை, அமிழ்த்திய திரவம், கால அளவு ஆகியன கூறப்படல் வேண்டும். திணிவிழப்பு வேறு, கனவளவு மாற்றம் வேறு என்பதும் தெளிவாக்கப்படல் வேண்டும். இவற்றை மறைத்த அட்டவணையை நம்பித் தெரியப்பட்ட பசை தோற்குமிடத்து அதன் விலையைச் செலுத்துபவர் ஆய்வாளர் அல்லர், நோயாளரே. மறுசிகிச்சைக்கு வசதியற்றவருக்கு எஞ்சுவது பல்லைப் பிடுங்குதல் ஒன்றே.